அவள் சரி என்று சொன்னால்

என் மனைவி என்னிடம் அன்பாகப் பேசினால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். ஊரில் வேறெந்தப் புருஷனுக்கும் இப்படி ஒரு வியாதி இருக்காது. உண்மையான வியாதி என்னவோ அவளுக்குத்தான்.

பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவளுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. டைப் ஒன். உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை, அதனால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும் ஊசி. போட்டுக்கொண்டு சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். அப்போது சிலருக்குக் கோபம் வரும், சிலர் உளறுவார்கள் என்று டாக்டர் சொன்னார். என் மனைவிக்கு மரியாதை வரும். மற்ற நேரத்தில் அவள் வாயைப் பற்றி மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருவுக்கே தெரியும். சர்க்கரை இறங்கினால் மட்டும் "சரிங்க", "ஆகட்டுங்க" என்று பதவிசாகிவிடுவாள். கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். நான் கொடுத்து வைத்தவன் என்று நினைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் சத்தம் கேட்டு ஓடினால், தரையில் கிடந்தாள், கையும் காலும் இழுத்துக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். குளிக்கப் போனவளின் தண்ணீர்ச் சத்தம் நின்றால் சந்தேகம், போனை எடுக்கத் தாமதமானால் சந்தேகம். சண்டையில் சீக்கிரம் விட்டுக்கொடுத்தாலோ, உடனே விரலை நீட்டச் சொல்லி, சர்க்கரை பார்க்கிற மீட்டரை எடுத்துவிடுவேன். "ஜெயிச்சதக்கூட ஒழுங்கா அனுபவிக்கத் தெரியலயே ஒங்களுக்கு" என்று திட்டிக்கொண்டே நீட்டுவாள். திட்டு விழுந்தாலே எனக்குப் பாதி நிம்மதி.

போன வருடம் என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. டி. கல்லுப்பட்டி பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் கெடா வெட்டிச் சாப்பாடு. மத்தியானம் யாரோ வந்து "இலை போட்டாச்சு, வாங்க" என்று கூப்பிட்டார்கள். அவள் காருக்குள் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அண்ணன் வந்து கையைப் பிசைந்தார். "தப்பா நெனைக்காதத்தா, இது தாய்மாமன் வீட்டுப் பந்தி. அவுக சீரோட வந்து காது குத்துன பெறகுதான் சோறு. திருமங்கலம் தாண்டிட்டாகளாம்."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். பையில் இருந்த பிஸ்கட்டில் இரண்டைத் தின்றுவிட்டு, இப்போது வந்துவிடுவார்கள் என்று பெண்களோடு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். தாய்மாமன் வேன் வந்ததுதான், ஆனால் கோயிலுக்கு வரவில்லை. சாலையிலேயே இறங்கி, மேளமும் வெடியுமாகச் சீர்த்தட்டுகளோடு ஆடி ஆடி வந்துகொண்டிருந்தார்கள். என்னை அண்ணன் அவர்களை எதிர்கொள்ள இழுத்துப் போய்விட்டார். எனக்குக் கால் முன்னே போனது, கண் மரத்தடியிலேயே இருந்தது.

பாதியில் நழுவித் திரும்பி வந்தபோது அவள் பக்கத்தில் என் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். பெரியம்மாவுக்கு ஒரு நாட்டு வைத்தியரைத் தெரியும். அவருடைய லேகியத்தைத் தின்றால் ஊசியையே விட்டுவிடலாம் என்று எங்களைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். "லேகியத்த நீங்க தின்னுங்க அத்தை, ஊசிய நான் போட்டுக்கிறேன்" என்று என் மனைவி ஒவ்வொரு முறையும் வெட்டிவிடுவாள்.

அன்றைக்குப் பெரியம்மாவின் முகம் மலர்ந்து கிடந்தது. "ஒம் பொண்டாட்டிய வாயாடிங்குறாங்க. எம்புட்டு அடக்கமாப் பேசுறா! செவ்வாக்கெழம வைத்தியரப் பாக்கப் போவோமான்னேன். சரிங்க அத்தைன்னுட்டா. ஊசியயும் விட்டுர்றேன்னுட்டா."

குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவள் இல்லை. விரலைக் குத்திப் பார்க்கக்கூட நிற்காமல் ஓடி, ஐஸ் பெட்டியிலிருந்து இனிப்பான கலர் சோடா ஒன்றை உடைத்துக்கொண்டு வந்தேன். வாயருகே கொண்டு போனதும் பெரியம்மா பாட்டிலைப் பிடுங்கினார்.

"சுகர்காரிக்குக் கலரக் குடுக்குற! கொல்லப் பாக்குறியா?"

சுற்றி நின்ற பெண்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிறவன் அன்றைக்கு நானே சந்தேகக் கேஸாகிவிட்டேன். அதற்கெல்லாம் பதில் சொல்ல நேரமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியம்மாவைப் பார்த்து "தள்ளுங்க!" என்று கத்தினேன். பாட்டிலைப் பறித்துக்கொண்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"வேண்டாங்க, நீங்க குடிங்க" என்று உதட்டை மூடிக்கொண்டாள். என்ன மரியாதை! அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. இன்னும் கொஞ்சம் போனால் விழுங்கவும் மாட்டாள், நினைவும் போய்விடும். தாடையைப் பிடித்துக்கொண்டு, விழுங்குகிறாளா என்று பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பாதி சேலையில் போனது.

மேளம் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்த நேரம் அவள் கண்ணில் வெளிச்சம் திரும்பியது. சேலையைப் பார்த்தாள். "பட்டுச்சேலைங்க இது! ஒரு கலரக்கூட ஒழுங்கா ஊத்தத் தெரியாதா?" என்றாள். சாமி வந்து அருள்வாக்குச் சொன்னாலும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். பெரியம்மா செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஞாபகப்படுத்தினார். "நான் எப்ப சொன்னேன்?" என்று இவள் ஆரம்பித்ததும் எழுந்து மேளம் பார்க்கப் போய்விட்டார்.

சாப்பிட்டு முடித்து மதுரைக்குத் திரும்பினோம். கப்பலூர் வரும்வரை அவள் சேலையிலிருந்த கறையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். நான் சாலையைப் பாதியும் அவளைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"நீங்க இல்லாட்டி நான் என்னாகியிருப்பேனோ தெரியல. ஒங்களக் கட்டிக்கிட்டது என் நல்ல நேரந்தான்" என்றாள்.

வண்டியை ஓரம் கட்டினேன். பின் சீட்டிலிருந்து மீட்டரை எடுத்தேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு விரலை நீட்டினாள். அளவு சரியாகவே இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதல்தான்.

"சந்தேகம் தீந்துச்சா?" என்றாள். "நல்லா இருக்குறப்பத்தான் சொன்னேன்."

பதினொரு வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டபோதும் முழுதாகக் கேட்கவில்லை, பாதியிலேயே என் கை மீட்டருக்குப் போய்விட்டது. இன்னொரு தடவை சொல்லேன் என்று கெஞ்சினேன்.

"மாட்டேன். வண்டிய எடுங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.