நான்காம் பாட்டில் நான்கு விநாடி

அக்காவின் கழுத்திலிருந்து கட்டியை எடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அறுவை சிகிச்சையின்போது குரலுக்கான நரம்பு ஒன்று இழுபட்டிருக்கிறது, பாடலாம், ஆனால் திடீரென்று குரல் வராமல் போனால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், வம்படியாக முயன்றால் மிச்சமும் போய்விடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். பத்திரிகை அலுவலகப் பழக்கத்தில் குறித்துக்கொள்ளவும் செய்தேன்.

அக்கா ரிச்சர்ட்ஸ் டவுனில் பள்ளி ஆசிரியை. முப்பது வருடமாகத் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறாள். தனியாக மேடை ஏறியதில்லை. தொம்மலூரில் ஒரு சிறிய நாடக அரங்கில், மறைந்த பிரெஞ்சுப் பாடகி ஒருத்தியின் நினைவாக ஒன்பது பாட்டுகள் பாட ஒப்புக்கொண்டிருந்தாள். மேசையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் பிரெஞ்சு கேபரே விடுதி மாதிரி இருக்க வேண்டும் என்று முன்வரிசை நாற்காலிகளை எடுத்துவிட்டு வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். மேசைக்கு ஒரு சின்ன விளக்கு. அந்தப் பாடகியைப் போலவே அக்காவுக்கும் கறுப்பு கவுன், தழும்பு தெரியாதபடி உயர்த்தித் தைத்த கழுத்து. அக்கார்டியன் வாசித்தவர் எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். ஞாயிறு மூன்றரைக்கு ஒரு காட்சி, ஆறரைக்கு ஒன்று.

மூன்று பாட்டுகள் ஒழுங்காகப் போயின. நான்காவதில் ஒரு நீண்ட அடி. அதன் நடுவில் சத்தம் நின்றது. அக்காவின் வாய் திறந்தே இருந்தது. முகம் பாடிக்கொண்டிருந்தது.

குழுவில் பாடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நீண்ட அடியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்க மாட்டார்கள். எடுப்பவர் வாயை மூடாமல் பாடுவதுபோலவே நிற்பார். பக்கத்தில் இருப்பவர்கள் ஓசையைத் தாங்கிக்கொள்வார்கள். அக்கா தனியாக நிற்பதை மறந்து அதைத்தான் செய்கிறாளா, இல்லை மருத்துவர் சொன்னது இதுதானா? முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை. நான் எண்ணினேன். நான்கு விநாடி. பிறகு, மற்றவர்கள் அதுவரை கொண்டுவந்து விட்டதுபோல, ஒரு சொல்லின் பாதியிலிருந்து குரல் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

காட்சி முடிந்து ஒப்பனை அறைக்குப் போனேன். அக்கா வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். அக்கார்டியன்காரர் அந்த நான்கு விநாடியை ரசிகர்கள் பிரெஞ்சு ஸ்டைல் என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். "அடுத்த ஷோவுல எட்டு செகண்டு நில்லுங்க டீச்சர், எழுந்து நின்னு தட்டுவாங்க" என்றார். அவர் வெளியே போகும்வரை காத்திருந்து கேட்டேன். பழக்கமா, தொண்டையா?

"எனக்கே தெரியலடி" என்றாள். "மூச்சு எடுத்தேன். யாரோ பிடிச்சுப்பாங்கன்னு இருந்துட்டேன். அப்புறம் பாடலாம்னு பார்த்தா உடனே வரலை. வராம இருந்துச்சா, நான்தான் பாடாம இருந்தேனா, சொல்லத் தெரியலை."

ஆறரைக் காட்சி வேண்டாம் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே மூச்சு எடுக்கும்போது வாயை மூடிக்கிறேன். வாய் திறந்திருந்து சத்தம் வரலைன்னா, நீ மேல வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு. நானா நிறுத்த மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்."

மேடைப் படிக்கு அருகில் இருந்த மேசையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். படிகள் மூன்று. நாற்காலியை முன்கூட்டியே பின்னுக்குத் தள்ளி வைத்தேன். அந்தக் காட்சியில் என்ன பாடினாள் என்று இன்று என்னால் சொல்ல முடியாது. வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் பாட்டில், அந்த இடத்தில், ஒரு சின்னப் பிள்ளையைப் போல உதடுகளை இறுக்கி மூடி மூச்சு எடுத்தாள். எட்டாவதுவரை அப்படியே போயிற்று.

ஒன்பதாவதின் கடைசி அடிக்கு வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை. நான் எழுந்து இரண்டு படி ஏறிவிட்டேன். பின்மேசையிலிருந்து யாரோ கன்னடத்தில் உட்காரச் சொன்னார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண்களிலும் எனக்கிருந்த அதே பயம் இருந்தது. அப்போது குரல் வந்தது, சரளைக்கல் உரசுவதுபோல, வழக்கத்தைவிடக் கீழே. அந்தப் படியிலேயே நின்றேன். அவள் முடிக்கும்வரை இறங்கவில்லை.