கம்பளத்துக்காகக் கல் எடுத்த நாள்

1. பரீட்சை

கூலாயில் இருந்த அந்தக் குத்தகைக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே எனக்குப் பரீட்சை வைத்தார்கள். நான் மாசாயில் படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு பாசிர் கூடாங்கில் எண்ணெய் டேங்க் கழுவினேன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் துரு சுரண்டினேன், கோழி லாரியில் போனேன், ஒரு பலகைக் கடையில் சரியாகப் பதினொரு நாள் இருந்தேன். எங்கேயும் யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு காலையில் எழுந்தால் அங்கே போகப் பிடிக்காது, அவ்வளவுதான்.

இந்தக் கம்பெனிக்குப் பழைய ரயில் பாலங்களை மாற்றுவதும் தண்டவாளம் பழுது பார்ப்பதும் தொழில். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தது. கட்டத்தில் குறி போட வேண்டும். நான் பக்கத்தில் இருந்த பங்களாதேஷ்காரரைப் பார்த்துப் போட்டேன். பாதித் தாள் முடிந்த பிறகுதான் அவர் என்னைப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. இரண்டு பேரும் பாஸ். கம்பெனியின் பாதுகாப்புத் தரம் இப்படித்தான் உயர்ந்தது.

பாடம் நடத்த வந்தவர் மூன்று மணி நேரம் பேசினார். எனக்கு விளங்கியது ஒரே விஷயம். சிவப்புக் கொடி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். தண்டவாளத்தில் ஆபத்து என்று கண்டால் இதை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், குப்பை கூட்டுகிறவர் பிடித்தாலும் டிரைவர் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றார். அதற்கு ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் பரீட்சை பாஸ் பண்ணியிருக்க வேண்டுமா என்று நான் கேட்டேன். அறையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“கண்ணு தெரிஞ்சா போதும்,” என்றார்.

என் வாழ்க்கையில் நான் தகுதி பெற்ற முதல் உத்தியோகம் அது.

2. கல் எதற்கு

எங்கள் சைட் செடெனாக்குக்கு அருகில், செம்பனைக் காட்டுக்கு நடுவே ஓடும் ஒரு சின்ன ஆற்றின் மேல். பழைய இரும்புப் பாலத்தைக் கழற்றிவிட்டுக் கான்கிரீட் பாலம் வைத்தோம். பாலத்தின் இரு பக்கமும் தண்டவாளத்தைப் புதிதாகப் போட்டோம். பன்னிரண்டு பேர் கொண்ட எங்கள் கேங்கை வேலை வாங்கும் மண்டோர் சவரிமுத்து அண்ணன். ஐம்பது வயதுக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் பாடுவார். மற்ற நாள்களில் அந்தக் குரலை எங்கள் மேல் பயன்படுத்துவார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தினமும் வேலை தொடங்கும் முன் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து, அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் முனையில் குவித்திருக்கும் கல்லைப் பூட்ஸால் உதைத்துப் பார்ப்பார். கல் சரிந்தால் எங்களுக்குத் திட்டு விழும். அந்தக் குவியலுக்குத் தோள் என்று பெயர்.

இளையவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் தண்டவாளம் நீளும். இப்போதெல்லாம் இடைவெளி இல்லாமல் வெல்டிங் பண்ணுகிறார்கள், அதனால் நீள இடம் கிடையாது. இடம் கிடைக்காத இரும்பு பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்க விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் தோள்தான். அதுவும் புதுக் கல்லாக இருந்தால், ரயில் ஓடி ஓடி இறுகும் வரைக்கும் அதை நம்பவே கூடாது. இதைப் படித்த இன்ஜினியர்கள் வேறு மாதிரி, படம் போட்டுச் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான்.

3. கல் அசிங்கமாக இருந்தது

பாலம் முடிந்ததும் திறப்பு விழா வைத்தார்கள். பெரிய மனிதர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டுவார், முதல் ரயில் பாலத்தைக் கடக்கும், அதில் எங்கள் குடும்பங்களையும் பக்கத்துத் தோட்டத்து ஆட்களையும் இலவசமாக ஏற்றிக்கொண்டு வருவார்கள் என்று ஏற்பாடு.

எங்கள் முதலாளியை எல்லோரும் பாஸ் என்றே கூப்பிடுவோம். தோட்டத்துக் கால்வாய் வெட்டித் தொழிலைத் தொடங்கியவர். கெட்டவர் இல்லை. விழா என்றால் மட்டும் புத்தி மாறிவிடும். இரண்டு நாள் முன்னால் விழா ஏற்பாடு செய்கிற அம்மாவோடு வந்து நின்றார். கூடாரத்திலிருந்து ரிப்பன் வரைக்கும் சிவப்புக் கம்பளம் விரிக்க வேண்டுமாம். நடுவில் இந்தக் கல் மேடு இருக்கிறது. பெரிய மனிதரின் சப்பாத்து வழுக்கிவிட்டால் என்ன ஆவது? அதோடு போட்டோவிலும் கல் அசிங்கமாகத் தெரிகிறதாம்.

சவரிமுத்து அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “பாஸ், அந்தக் கல்லு அழகுக்குப் போட்டது இல்ல.”

“ஒரு நாளுதானே லா. விழா முடிஞ்சா திருப்பிப் போட்டுக்க. ரெயில் என்னா, கல்லு இருக்கான்னு எண்ணிப் பாத்துட்டா வரப்போகுது?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். அன்று மாலை முப்பதடி நீளத்துக்குத் தோளை நாங்களே வழித்தெடுத்தோம். இரண்டு மாதம் கை கொப்பளிக்கக் குவித்த கல்லை அகற்ற ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. மேலே பலகை போட்டுக் கம்பளம் விரித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. கல்யாண மண்டபத்துக்குள் ரயில் வருவது போல இருந்தது.

4. பதினொன்றரை மணி

விழா நாள் காலையில், தண்டவாளம் ரயில் ஓடத் தகுதியாக உள்ளது என்ற படிவத்தில் சவரிமுத்து அண்ணன் கையெழுத்துப் போட்டார். பேனாவை இரண்டு முறை உதறினார். மை வரவில்லை என்று நினைத்தேன்.

பெரிய மனிதர் பத்து மணிக்கு வர வேண்டும். பெரிய மனிதர் என்பதால் வரவில்லை. ரயிலை முந்தின ஸ்டேஷனில் நிறுத்தி வைத்தார்கள். வெயில் மட்டும் யாருக்காகவும் நிற்கவில்லை. பதினொன்றேகாலுக்கு அவர் வந்து சேர்ந்தபோது தண்டவாளத்தில் கை வைக்க முடியவில்லை.

பாலத்தின் ஓரத்தில் கொடியோடு நிற்பது அன்றைக்கு என் வேலை. அலங்காரத்துக்கு நிற்கச் சொன்னார்கள் என்பதே உண்மை, புது வெஸ்ட் எல்லாம் கொடுத்திருந்தார்கள். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் நீளத்துக்குப் பார்த்தேன். கம்பளத்துக்கு நேராக நான்கு விரல் அகலத்துக்கு வளைந்திருந்தது. பெரிய மனிதரைப் பார்க்கத் தண்டவாளமும் தலை நீட்டியது போல, சரியாகக் கூடாரத்துப் பக்கம்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் குனிந்து பார்த்தார். அவர் போய் பாஸிடம் சொன்னார். பாஸ் சிரித்த முகத்தை மாற்றாமலே, பெரிய மனிதர் பார்க்கிறார், இப்போது பேசாதே என்றார். பிறகு ரயில்வே தரப்பு இன்ஸ்பெக்டரிடம் போனோம். டிரைவரோடு பேசும் ரேடியோ அவரிடம்தான் இருந்தது. வாயில் விருந்துக் கறிபாப் இருந்தது. அதை முடித்துவிட்டு அண்ணனிடம் கேட்டார், தகுதி உண்டு என்று காலையில் கையெழுத்துப் போட்டது நீதானே? தகுதி இல்லை என்று இப்போது எழுதிக் கொடு, நிறுத்துகிறேன். எது பொய் என்று பிறகு விசாரித்துக்கொள்வார்கள் என்றார்.

அண்ணன் எழுதவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் போனார். நானும் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரெஜினா அக்கா அந்த ரயிலில் இருந்தார். ரயில் அப்போதுதான் கிளம்பியிருந்தது.

“ரெஜினா, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடு. ஏன்னு கேக்காத. எறங்கிடு.”

ரயில் கிளம்பிய ஸ்டேஷனிலிருந்து பாலம் வரைக்கும் வேறு ஸ்டேஷன் கிடையாது. அது அவருக்கும் தெரியும். அந்தத் தண்டவாளத்தில் கல்லை உதைத்து உதைத்து நடந்தவர் அவர்.

தூரத்தில் ஹார்ன் கேட்டது. ரயில் நெருங்கிக்கொண்டிருந்தது.

இதில் வீரம் ஒன்றும் இல்லை. எனக்கு இழக்கக் கையெழுத்தும் இல்லை, பதவியும் இல்லை. வேலையை விடுவது எனக்குப் பழகிய காரியம், இன்னொரு முறை விட்டால் என்ன? கொடியை எடுத்துக்கொண்டு கம்பளத்தின் மேலேயே ஓடினேன், அதுதான் குறுக்கு வழி. பெரிய மனிதர் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். ரிப்பன் என் மார்போடு வந்துவிட்டது. அந்தப் பாலத்தை அதிகாரபூர்வமாகத் திறந்து வைத்தவன் நான்தான்.

பாலத்தைத் தாண்டி, செம்பனை வரிசை முடியும் இடம் வரை ஓடினேன். ரயில் தெரிந்ததும் தண்டவாளத்தின் நடுவில் நின்று கொடியை ஆட்டினேன். டிரைவர் பிரேக் போட்டார். ரயில் என் முன்னால் வந்து நின்றபோது கொடியால் அதைத் தொட்டிருக்கலாம். அவர் எட்டிப் பார்த்து என்னை மலாயில் திட்டிய திட்டு முழுவதும் எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த மலாய் வீண் போகவில்லை.

5. செயல்முறை விளக்கம்

கேங் மொத்தமும் கம்பளத்தைச் சுருட்டி எறிந்தது. விருந்துக்கு வைத்திருந்த ஐஸ் பெட்டிகளைத் தூக்கி வந்து தண்டவாளத்தில் கொட்டினோம். ஐஸ் தண்ணீர் தீர்ந்ததும் ரோஸ் சிரப்பையும் ஊற்றினோம். இரும்பு குளிர்ந்ததும் கடப்பாரை போட்டு நெம்பி, வழித்த கல்லைத் திருப்பிக் குவித்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து, ஆள் நடக்கும் வேகத்தில் ரயில் கடந்தது. ஜன்னலோரம் இருந்த ரெஜினா அக்கா இறங்கச் சொன்ன புருஷனைத் தேடிப் பிடித்து முறைத்துக்கொண்டே போனார்.

இதற்குள் பாஸ் மைக்கைப் பிடித்துவிட்டார். விருந்தினர்கள் கண்டது எங்கள் கம்பெனியின் நேரடிப் பாதுகாப்புச் செயல்முறை விளக்கம் என்றார். பெரிய மனிதர் கை தட்டினார், ஆகவே எல்லோரும் தட்டினார்கள். அந்த மாதமே பாதுகாப்புக்காகக் கம்பெனிக்கு ஒரு சான்றிதழ் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார்கள். எனக்கும் ஒரு காகிதம் வந்தது: அனுமதி இல்லாமல் நின்ற இடத்தை விட்டுப் போனது, அழுக்குப் பூட்ஸோடு கம்பளத்தில் ஓடியது, ஆக இரண்டு குற்றத்துக்கும் சேர்த்து ஓர் எச்சரிக்கை.

அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வழக்கம்போலப் பையைக் கட்டினேன். சவரிமுத்து அண்ணன் ஸ்டோருக்குள் வந்தார். கடப்பாரைகளை எண்ணுவது போல நின்றார்.

“கொடிய நான் எடுத்திருக்கணும்டா.”

நான் கட்டிய பையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

“போன்ல கூப்ட்டேன் பாரு. அவ ஒருத்திய மட்டும் எறங்கச் சொன்னேன். மத்தவங்கள…” என்று நிறுத்திக்கொண்டார். பிறகு, “நாளைக்குக் கல்ல நீ ஒதச்சிப் பாரு. என் காலு இனிமே நம்புற மாதிரி இல்ல,” என்றார்.

மறுநாள் காலையில் போனேன். அதற்கு அடுத்த நாளும். ஏழு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். எனக்கே ஆச்சரியம்தான்.

அந்த விழாவுக்குப் பிறகு எங்கள் பரீட்சைத் தாளில் ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. ஆபத்தில் ரயிலை நிறுத்தும் உரிமை யாருக்கு? மேனேஜர், இன்ஸ்பெக்டர், மண்டோர், எல்லோருக்கும் என்று நான்கு கட்டங்கள். புதிதாக வருகிறவர்கள் அநேகமாக மேனேஜருக்குத்தான் குறி போடுகிறார்கள். இப்போது பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நிற்பது நான். மற்ற கேள்விகளுக்கு யாரும் யாரையும் பார்த்து எழுத விடமாட்டேன். அந்தக் கேள்வி வரும்போது மட்டும் ஒவ்வொரு மேஜையாகப் போய், நான்காவது கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்பேன்.