செல்லியம்மாளின் விதைக்கட்டு

ஆலங்காயம் சந்தையில் செல்லியம்மாளை முதலில் வாய்க்கு வந்தபடி ஏசியவள் நான்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை நடத்திய எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவள் புதூர்நாட்டு மலையிலிருந்து புளி கொண்டுவர ஆரம்பித்தாள். கொட்டை இருக்காது, நார் இருக்காது. தானே முடைந்த மூடிபோட்ட மூங்கில் கூடையில் இருக்கும். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையில் கறுத்த மூங்கில் நாரை எடுத்து விளிம்பில் இரண்டு கோடு ஓட்டியிருப்பாள். அவள் ஊரில் தானியக் கூடைக்கு அப்படித்தான் பின்னுவார்களாம். "ரெண்டு கோட்டுக் கூடை வந்துச்சா?" என்று கேட்டுத்தான் சந்தைக்குள்ளேயே நுழைவோம்.

மளிகைக்கடை ராஜாக்கண்ணுவுக்கு இது பொறுக்கவில்லை. வாணியம்பாடி அச்சகத்தில் லேபிள் அடித்து வந்து, அதை ஒட்டித் தன் கடைக்கே மொத்தமாகக் கொடுக்கச் சொன்னார். அச்சகத்தில் இருந்த ஒரே மலைப்படம் பனிமலை. செல்லியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்க மலையில எப்போண்ணே ஐஸு கொட்டுச்சு? எனக்கு என் கோடு போதுங்க."

அடுத்த மாதம் சாமை அறுப்பு. இரண்டு சந்தைக்கு அவள் வரவில்லை. ராஜாக்கண்ணு கடையில் ரெண்டு கோட்டுக் கூடை இருந்தது. "செல்லி குடுத்துட்டுப் போச்சு" என்றார். வாங்கினேன். அன்று ரசத்தில் மணல் நறநறவென்றது. சாப்பிட வந்தவர்கள் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனார்கள்.

அவள் வந்ததும் கூடையை அவள் முன்னால் கொட்டினேன். "மண்ண அள்ளிக்கினு வந்து புளின்னு விக்கிறியா? மலைக்காரங்கன்னு நம்புனேனே!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. அவள் ஒரு சுளையை எடுத்து முகர்ந்தாள். "கூடை என்னுதுக்கா. புளி என்னுது இல்ல. வித்துப் போன காலிக் கூடைய எவரோ ரொப்பியிருக்காங்க."

அவள் பேர் அத்தோடு போயிருக்கும். நான் போட்ட சத்தத்துக்குப் பிறகு அவளிடம் யார் வாங்குவார்கள்? ஆனால் அவள் அழவில்லை. தன் சரக்கில் ஒரு கூடையை எடுத்து என் பக்கம் தள்ளினாள். "என் கோட்டப் பாத்துதான வாங்குனீங்க? அப்ப நான்தான் பதில் சொல்லணும்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த சந்தைக்கு வந்த கூடைகள் எல்லாவற்றிலும் மூடியைச் சுற்றி மூங்கில் நாரால் ஒரு முடிச்சு. அறுத்தால்தான் திறக்கும். அது விதைக்கட்டு. அவர்கள் வீட்டில் அடுத்த வருஷத்து விதையை அப்படிக் கட்டிவைத்தால், விதைக்கிற அன்றுதான் அறுப்பார்களாம். விதைக்கட்டைச் சந்தைக்குக் கொண்டுபோவதா என்று அவள் புருஷன் கருப்பன் மூன்று நாள் பேசவில்லையாம். "வெளையாட்டுக்குக் கட்டுனாதான் தப்பு, நான் நெசமாத்தான் கட்டுறேன்னு சொன்னேன்க்கா. நாலாம் நாளு அவரே மூங்கில் பொளந்து குடுத்தாரு."

எல்லோரும் கட்டைப் பார்த்து வாங்க ஆரம்பித்தார்கள். ராஜாக்கண்ணு இரண்டு வாரம் பொறுத்தார். மூன்றாம் வாரம் சிரித்துக்கொண்டே வந்தார். "அந்த முடிச்ச எனக்கும் சொல்லிக் குடேன் செல்லி."

மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். "அதுக்கின்னாண்ணே, ஒக்காருங்க" என்றாள். நிதானமாக மூன்று தடவை கட்டிக் காட்டினாள். கைகாரர்தான், சீக்கிரமே பிடித்துக்கொண்டார்.

"இத கட்டுனவங்கதான் உள்ள இருக்கறதுக்குப் பொறுப்பு. முளைக்கலன்னா எங்க வூட்ல கட்டுன பொம்பளையத்தான் கேப்பாங்க" என்றாள். பிறகு அவர் கடைத் திண்ணையில் இருந்த புளிக் கூடையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "இப்ப உங்க சரக்குல கட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

சுற்றிலும் கூட்டம். ராஜாக்கண்ணு நாரைக் கையில் பிடித்தபடி கூடையையே பார்த்தார். பிறகு நாரைக் கீழே வைத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் கடைப் புளியில் பனிமலை லேபிள்தான் ஒட்டியிருந்தது.

அன்று நான் நாலு கூடை வாங்கினேன். எதையும் அறுத்துப் பார்க்கவில்லை.