மாமா காலை மடக்கக் கூடாத நான்கு மணி நேரம்

1944-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. மேகமும் இல்லை, காற்றும் இல்லை. மாசியிலேயே சித்திரை வெயில் அடித்தது. பெரம்பலூருக்கு நாலு மைல் தள்ளி இருந்த தன் வீட்டு வாசலில் என் மாமனார் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். கட்டையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உளியால் தன் பக்கமாகவே சீவுவார். அப்படிச் செய்யாதீர்கள் என்று அன்று மட்டும் மூன்று முறை சொல்லியிருந்தேன். நான்காம் முறை சொல்ல வாயெடுத்தபோது உளி வழுக்கி அவருடைய வலது தொடையின் மேற்பகுதியில் இறங்கியது.

ரத்தம் வழியவில்லை, நாடி அடிக்கும் கணக்கில் விட்டு விட்டுப் பீச்சியது. நான் அரியலூரில் பள்ளிக்கூட வாத்தியார். சுகாதாரப் பாடத்துக்காக மாட்டி வைத்திருந்த படத்தில் இடுப்பு மடிப்பின் நடுவிலிருந்து தொடைக்குள் ஒரு சிவப்புக் கோடு இறங்கும். அந்த இடத்தைத் தேடித் தொட்டேன், துடித்தது. காயத்துக்கு மேலே, இரண்டு கட்டைவிரலையும் வைத்து எலும்போடு சேர்த்து அழுத்தினேன். பீச்சல் நின்றது.

மாமாவுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

"மாப்ள, அங்கெல்லாம் கை வைக்காதீங்க. ஊரே பாக்குது."

"பேசாம படுங்க மாமா."

"ஒரு துணியைச் சுத்தினாப் போதும் மாப்ள..."

மனைவியையும் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் ஐம்பத்தைந்து நிமிஷம். என் விரல்கள் மரத்துப்போயின, எடுக்கவில்லை.

பெரம்பலூர் டாக்டர் வயதானவர். காயத்தைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். "ரத்தக் குழாய் அறுந்துபோகலை சார், பக்கவாட்டுல ஒரு கீறல்தான். அழுத்திப் பிடிச்சா தானே அடைச்சுக்கும். அடைக்கலைன்னா குழாயையே கட்டணும். கட்டினா காலுக்கு ரத்தம் போகாம அழுகிடலாம். அப்புறம் காலை எடுக்க வேண்டியதுதான்."

அவரே அரை மணி நேரம் முஷ்டியால் அழுத்தினார். ரத்தம் நின்றதும் பஞ்சு வைத்துக் கட்டினார். நான்கு மணி நேரம் மல்லாந்து கிடக்க வேண்டும், வலது காலை மடக்கவே கூடாது. இடுப்பு மடிந்தால் அடைப்பு பிய்த்துக்கொள்ளும் என்றார். என் மனைவியைக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு நான் வராந்தாவில் நின்றேன்.

நிற்க முடியவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே போய்க் கட்டைப் பார்த்தேன், பாதம் சூடாக இருக்கிறதா என்று தொட்டேன், நாடியை எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. போன ஒவ்வொரு தடவையும் மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார். "ஏன் மாமா உக்காந்தீங்க?" என்று அதட்டினால் பேசாமல் படுத்துக்கொள்வார். இப்படி அடங்காதவரைத் தனியே விடக் கூடாது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போக ஆரம்பித்தேன். அப்படிப் போனதில் மூன்றாம் தடவை கட்டு நனைந்து சிவந்திருந்தது.

டாக்டர் மறுபடி அரை மணி அழுத்தினார். மறுபடி நின்றது. மணி இரண்டரை. "இனி ஒரு தடவை கசிஞ்சா குழாயைக் கட்டித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

என் மனைவி என்னை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, நீங்க உள்ள வராதீங்க."

"ஏன்?"

"உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே எந்திரிக்கிறாரு. மாப்ள நிக்கிறப்ப நான் காலை நீட்டிக்கிட்டுக் கெடக்கறதான்னு கேக்கறாரு. நான் அமுக்கிப் படுக்க வச்சாலும் கேக்கல."

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "யாரு, மாப்ளயா? உள்ள வாங்க, உக்காருங்க!" கட்டில் கிரீச்சிட்டது.

"படு அப்பா! அவரு போயிட்டாரு!" என்று கத்தினாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேப்பமரம்வரை வெறுங்காலில் போனேன். அங்கிருந்து சன்னல் தெரியும், கட்டில் தெரியாது. காலைக் கெடுக்கப் பார்த்தது உளி மட்டுமல்ல, என் எட்டடி நடையும்தான். பதினோரு தடவை போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் வேப்பமரத்தின் கிளைகளை எண்ணினேன். மூன்றே முக்காலுக்கு அவள் ஓடி வந்தாள்.

"காபி வாங்கிட்டு வாங்க. அப்பா கேக்கறாரு."

"கட்டு?"

"காஞ்சிருக்கு. போங்க."

ஆறரை மணிவரை கசியவில்லை. அதற்குப் பிறகும் பத்து நாள் நான் அந்த அறைக்குள் போகவில்லை. செய்தியெல்லாம் சன்னல் வழியாகத்தான். பதினோராம் நாள் மாமா இரண்டு காலாலும் நடந்து வெளியே வந்தார். என்னைக் கண்டதும், மாப்பிள்ளை பை தூக்கக் கூடாதென்று ஊருக்குக் கிளம்ப நான் காலடியில் வைத்திருந்த துணிப்பையை எடுக்கக் குனிந்தார்.

"குனியாதீங்க மாமா!" என்று நான் போட்ட சத்தத்தில் டாக்டரே வெளியே வந்துவிட்டார்.

வண்டிக்கூலி, மருந்து, பஞ்சு, பத்து நாள் சாப்பாடு, பள்ளிக்கூடத்தில் பிடித்த சம்பளம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது இருபத்தேழு ரூபாய் பதினோரு அணா.