ஐந்தாவது ‘போதும்’

வாயைக் கட்டினால் உடம்பு இளைக்கும் என்று எல்லோரும் எனக்குச் சொல்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் சொல்கிறார், பேத்தி சொல்கிறாள், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்கிறார். போன வாரம் மட்டும் ஏழு பேர். யாருடைய வாயை யார் கட்டுவது என்று அவர்களில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வாயைக் கட்டப் போய் ரத்தம் வந்திருக்கிறது.

பாலக்காட்டுக் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்களுக்கு நெல்வயல். வீட்டில் பதினோரு பேருக்கு ஒரே உலை. அப்பா ஒரு விதி வைத்திருந்தார். தட்டில் எத்தனை பருக்கை மிச்சமோ அத்தனை அடி, புளியம் விளாறால். அவரே எண்ணுவார். நடுவில் எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய தங்கை ஒருத்தி பட்டினியில் செத்துப்போனாளாம். அதை அவர் சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் அடித்துக்கொண்டே. நான் வாங்கியதில் அதிகம் ஒன்பது. அண்ணன் இருபத்திரண்டு வரை வாங்கியிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் தட்டில் எதுவும் மிஞ்சியதில்லை. நிறைந்ததா என்று வயிற்றைக் கேட்கமாட்டான்; காலியா என்று தட்டைப் பார்ப்பான்.

அந்தக் காலத்தில் இதனால் யாருக்கும் உடம்பு பெருக்கவில்லை. பகலுக்கு ராகிக் களி, ஒரு வேளைதான் சோறு. விடிந்ததிலிருந்து ஏர் பின்னால் நடை. பிறகு கால்வாய்த் தண்ணீர் வந்தது. இரண்டு போகம் விளைந்தது. எழுபதுகளில் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, மேலே நெய், சாயங்காலம் வெல்லம் போட்ட பலகாரம். ஏர் போய் டிராக்டர் வந்தது; அண்ணன் உட்கார்ந்தே உழுதான். எல்லாம் மாறியது, விளாறு மட்டும் அவன் முதுகுக்குள் அப்படியே இருந்தது. முப்பத்தாறு வயதில் மில்லில் நெல் மூட்டை நிறுக்கும் தராசில் விளையாட்டாக ஏறி நின்றான். நூற்றுப் பதினான்கு கிலோ. “ஒண்ணரை மூட்டைங்கோ!” என்று மில் ஆட்கள் கைதட்டினார்கள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

வயலில் காலில் குத்திய முள் அவனுக்கு ஆறவில்லை. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் மூத்திரத்தைச் சோதித்துவிட்டு, பிரமேகம், சர்க்கரை வியாதி என்றார். சோறு பாதியாகக் குறைய வேண்டும், இனிப்பு கூடவே கூடாது, உடம்பு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கால் போகும் என்று மலையாளத்தில் மெதுவாக, எங்களுக்குப் புரியும்படி இரண்டு முறை சொன்னார். துணைக்குப் போனவர்கள் நானும் அண்ணியும்.

அன்று முதல் அண்ணி கரண்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அண்ணனுக்கு இரண்டு கரண்டி சோறு, மீதி இடத்துக்குக் கீரையும் தட்டைப்பயறும். முதல் நாளே அப்பா பார்த்துவிட்டார்.

“ஏனம்மிணி, எம் பையனைப் பட்டினி போட்டே கொன்னு போடலாம்னு பாக்கறயா?”

“டாக்டரு சொன்னதுங்க மாமா. காலு போயிருமுங்க.”

“எம் பொழப்புல சோத்தக் கொறைச்சுப் பொழைச்சவனப் பாத்ததே இல்ல. கொறைச்சுச் செத்தவனத்தான் பாத்திருக்கறேன்.” சோற்றுப் பானையைத் தூக்கி வந்து அண்ணன் தட்டில் கவிழ்த்தார். அண்ணன் அண்ணியையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தான். முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

வெல்லமும் முறுக்கும் இருந்த அறையை அண்ணி பூட்டி வைத்தாள். ஒரு மத்தியானம் அண்ணன் கடப்பாரையால் அந்தப் பூட்டை உடைத்தான். குறுக்கே நின்றவளைப் பிடித்துத் தள்ளினான். நிலைப்படியில் மோதி அவள் நெற்றி பிளந்தது, நான்கு தையல். சத்தம் கேட்டு நான் ஓடியபோது அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தான். இடது கையால் தன் துண்டை அவள் நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்தான். வலது கையால் வெல்லம் தின்றுகொண்டிருந்தான். இரண்டையும் அவனால் நிறுத்த முடியவில்லை.

அந்த வருடமே அவர்கள் மகனுக்குக் காதுகுத்து. விருந்து அண்ணியின் பிறந்த வீட்டார் செலவு. எங்கள் பக்கத்தில் பரிமாறுவதற்கு ஒரு கணக்கு உண்டு. விருந்தாளி சொல்லும் முதல் ‘போதும்’ மரியாதைக்கு. இரண்டாவது கூச்சத்துக்கு. மூன்றாவதுக்குத்தான் கரண்டி நிற்கும். மாப்பிள்ளை என்றால் இந்தக் கணக்கும் கிடையாது. அவர் இலைமேல் கையை விரித்து மறைத்தால் கைமேலேயே ஊற்றுவதுதான் கௌரவம். ஊற்றாமல் விட்டால், மாப்பிள்ளைக்கு அளந்து அளந்து போட்டார்கள் என்று ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அண்ணி முந்தின நாளே தன் மூத்த அண்ணனிடம் நெற்றித் தையலைக் காட்டிக் கெஞ்சினாள். அவரும் சரி என்று தலையாட்டினார். ஆனால் பந்தலுக்குள் ஒரே நேரத்தில் நூற்று இருபது இலை போட்டிருந்தார்கள். அத்தனை பேரும் மாப்பிள்ளையின் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அடுத்த இலை அண்ணனுடையது. அவன் காலில் துணிக்கட்டு. வெல்லப் பூரணம் வைத்த போளி, எங்கள் பேச்சில் ஒப்பிட்டு, இரண்டு விழுந்தது, மேலே இன்னும் இரண்டு விழுந்தது. பருப்புச் சோறு மலையாக விழுந்தது. தலையாட்டிய அந்த மூத்த மச்சினனே நெய்ப் போசியோடு வந்தார்.

“போதுமுங்க.”

“மாப்ளே, இப்பத்தான உக்காந்தீங்க!”

“போதுமுங்க மச்சான், சாமி சத்தியமா.”

“கால்ல புண்ணுன்னா வாயுல ஒண்ணுமில்லீங்களே?” பந்தல் சிரித்தது. மூன்றாவது ‘போதும்’ அந்தச் சிரிப்பில் கேட்கவில்லை. நான்காவதைச் சொல்லும்போது அண்ணன் இரண்டு கைகளையும் இலைமேல் விரித்துவிட்டான். ஐந்தாவதைக் கத்தினான். அதற்குள் அடுப்பிலிருந்து நேராக இறக்கிய நெய் அவன் வலது புறங்கையில் விழுந்து, தோல் சுருங்கி மேலே எழும்பியது.

அண்ணன் எழுந்தான். போசியிலிருந்த பித்தளைக் கரண்டியைப் பிடுங்கி மச்சினன் வாயிலேயே அடித்தான். இரண்டு பல். மறுபடி ஓங்கியபோது அவருடைய தம்பிகள் மூன்று பேர் பாய்ந்தார்கள். ஒருவன் அண்ணன் கழுத்தைப் பிடித்தான், ஒருவன் வயிற்றில் உதைத்தான். நான் ஒருவன் தலைமுடியைப் பற்றி இழுத்தேன். கை நிறைய மயிர் வந்தது. பந்தல்கால் சாய்ந்தது. ரச அண்டா உருண்டு கொதிக்கக் கொதிக்க அண்ணனின் புண்காலில் கொட்டியது. அவன் போட்ட சத்தத்தில் காது குத்தின குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது.

விலக்கிவிட்ட பிறகு அப்பா வந்தார். மகனின் கையையும் காலையும் பார்த்தார், பிறகு இலையைப் பார்த்தார்.

“எலையில போட்டது அப்படியே கெடக்குதுடா.”

அண்ணன் உட்கார்ந்தான். வெந்த கையாலேயே பிசைந்தான். நான்கு ஒப்பிட்டு, அத்தனை சோறு, மேலே தெறித்திருந்த மச்சினன் ரத்தம். கண்ணீர் தாடையில் வழிய, இலை பச்சையாகத் தெரியும் வரைக்கும் தின்றான். சுற்றி நின்றவர்களில் ஒருவரும் தடுக்கவில்லை. அண்ணி மட்டும் வர முயன்றாள், பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். புண் காயாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனவற்றை எண்ணினேன். பதினாறு மலைவாழைச் சீப்பு, ஐந்து பாட்டில் ஹார்லிக்ஸ், மூன்று டப்பா லட்டு. பல் போன மச்சினனே இரண்டு கிலோ அல்வாவோடு சமாதானத்துக்கு வந்தார். “பல்லு போனாப் போகுது மாப்ளே, எனக்கு மெல்ல முடியாது, நீங்களாவது தின்னுங்க” என்றார், காற்றுப் போகும் வாயோடு. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் ஒரு துண்டு எடுத்தான்.

அப்போதுதான் அப்பாவும் தூக்குப்போசியோடு வந்தார். உள்ளே நெய்ச் சோறு. தன் கையாலேயே உருட்டி மகன் வாயருகே கொண்டுபோனார். அண்ணி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். போசியைச் சுவரில் அடித்தாள். அப்பா அவளைக் கன்னத்தில் அறைந்தார்; தையல் போட்டிருந்த பக்கம். இரண்டாவது முறை கை ஓங்கியபோது அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அடிச்சுக்குங்க மாமா. எத்தனைன்னு நீங்களே எண்ணிக்குங்க. இவருக்கு இனி நாந்தான் போடுவேன். உங்க உலையில இவருக்குச் சோறு இல்லீங்க.”

கால் மிஞ்சியது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அண்ணி தனி அடுப்பு மூட்டினாள். எங்கள் பக்கம் தனி அடுப்பு என்றால் பாகப் பிரிவினை. வயலைப் பிரித்தார்கள், முற்றத்தில் சுவர் எழும்பியது. அப்பா சாகும் வரை அந்தப் பக்கம் போகவில்லை, புருஷனைப் பட்டினி போடுகிறவள் என்று ஊர் முழுக்கச் சொன்னார், ஊரும் நம்பியது. ஒரு மனிதனின் தட்டில் இரண்டு கரண்டி குறைக்க ஒரு குடும்பத்தையே வெட்ட வேண்டியிருந்தது. வாயைக் கட்டு என்று சொல்கிற ஏழு பேருக்கும் இதை எப்படிச் சொல்வது?

மத்தியானம் எங்கள் பக்கம் நெய் காய்ந்தால் அண்ணன் நொண்டிக்கொண்டே சுவரோரம் வந்து நிற்பான். “பசிக்குது புள்ளை” என்று என்னிடம் சொல்வான். அண்ணி பின்னாலேயே வருவாள். அவன் கையைப் பிடித்துக்கொள்வாள், நரம்பு புடைக்கிற அளவுக்கு இறுக்கி, எங்கள் பந்தி முடிகிற வரைக்கும்.