பாரிஸில் தரையில் படுத்தோம்

எங்கள் காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலையின் முன்பக்கத்தைப் பார்த்து யாரும் நம்பிவிட மாட்டார்கள். கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரியின் முந்தானையைக்கூடக் கேட்காமல் திருப்பிப் பார்ப்போம். தறி தவிர வேறெதுவும் அறியாத நானும் என் கணவரும் அந்தப் பழக்கத்தோடுதான் முதன்முதலாக விமானம் ஏறி, பாரிஸில் ஒரு வாரம் சுற்றினோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நகரும் படிக்கட்டைக் கண்டால் வேலையே இல்லாமல் ஏறி இறங்கினேன்.

கடைசி நாளாயிற்றே என்று, நாங்கள் நெய்த சேலையைக் கட்டிக்கொண்டு ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே மேலும் கீழும் கண்ணாடி போட்ட மேசைக்குள் ஒரு பழைய பட்டுத்துணியை விரித்து வைத்திருந்தார்கள். என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார்.

"எந்திரிங்க. அல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க, மானம் போவுது," என்றேன்.

"பின்பக்கம் பாக்காம இன்னாத்தமா பாக்குறது? நூலு ஒண்ணுகூட தொங்கலமா."

ஒரு நூல்கூடத் தொங்கவில்லையாம். அதற்குமேல் மானமாவது ஒன்றாவது. சேலையைச் செருகிக்கொண்டு நானும் படுத்தேன்.

சற்று நேரத்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி படுத்தது. அதைப் பார்த்துக் கல்லூரிப் பிள்ளைகள் படுத்தார்கள். இதை இப்படித்தான் பார்க்க வேண்டும் போலும் என்று நினைத்துவிட்டார்கள். காவலர் ஓடி வருவதற்குள் மேசைக்குப் பக்கத்தில் வரிசையே நின்றுவிட்டது. பாவம், அவர் வரிசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்.

நான் சிரித்துக்கொண்டே எழுந்தேன். வரிசையில் முதலாவதாக நின்றிருந்த வெள்ளைக்காரி, கேட்காமல் என் முந்தானையைத் திருப்பிப் பார்த்தாள்.