ஒரே வீட்டின் இரண்டு மூச்சு

பேருந்துப் பணிமனையின் வாசலில் விடிந்தும் விடியாமலும் ஒரு குரல் கேட்கும்: "ஊதுங்க!" வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு ஓட்டுநரும் கையடக்கக் கருவி ஒன்றில் ஊதிக் காட்ட வேண்டும். குடித்திருந்தால் சிவப்பு விளக்கு எரியும். கருவியைப் பிடித்திருப்பவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் எல்லோருக்கும் அவள் 'ஊதுங்கக்கா'தான்.

ஊரார் மூச்சையெல்லாம் அளந்து தள்ளுகிறவளுக்கு, வீட்டில் 'அளவு' என்ற சொல்லைக் கேட்டாலே தலைவலி. புருஷன் அளவோடு புகைக்கிறவர். கூடவே குடியிருக்கும் தம்பி அளவோடு குடிக்கிறவன். இருவருமே அதே பணிமனையில் ஓட்டுநர்கள். சாப்பிட உட்கார்ந்தால் எது அதிகக் கெடுதல் என்று பட்டிமன்றம் தொடங்கிவிடும்.

"மாமா, நான் குடிக்கிறது என் வயித்தோட போச்சு. நீங்க விடுற புகையை அக்காவும்ல சேர்த்துக் குடிக்குது?"

"போடா மாப்ளே. பீடி குடிச்ச எவனாவது வண்டியைக் கொண்டுபோய்க் கம்பத்துல விட்டிருக்கானா?"

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு. அப்ப அளவோட இருந்தா நஞ்சும் அமிர்தம்தானே?"

"நல்ல அளவுடா! சட்டை போடுறவனே அளவும் எடுத்துக்கிட்டா எந்தச் சட்டைதான் இறுக்கும்?" என்று அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

தம்பி ஏற்கெனவே ஒரு முறை சிவப்பு வாங்கியவன். மறுபடி வாங்கினால் ஸ்டியரிங்கை மறந்துவிட்டு வண்டி கழுவப் போக வேண்டியதுதான். அப்படியிருந்தும், நண்பனின் வழியனுப்பு விருந்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள், வரிசையில் நின்று ஊதினான். சிவப்பு.

"நேத்துக் குடிச்சது, அக்கா. தூங்கி எந்திரிச்சுட்டேன்ல? தலை தெளிவா இருக்கு."

"தலை எந்திரிச்சிருக்கும். ரத்தம் இன்னும் எந்திரிக்கலையேடா."

விதிப்படி சற்று நேரம் உட்காரவைத்து, வாயைக் கொப்புளிக்கச் சொல்லி, மறுபடி ஊதச் சொன்னாள். மறுபடியும் சிவப்பு. சாவியை வாங்கிக்கொண்டாள். "பெஞ்சுல போய் உட்காரு."

அடுத்து நின்றவர் புருஷன். "பாத்தியா மாப்ளே? பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு வந்தாச்சு" என்று மீசையைத் தடவிக்கொண்டே ஊதினார். கருவி விசிலடிக்கும் வரை மூச்சை நிறுத்தாமல் விட வேண்டும். பாதியிலேயே இருமல் வந்துவிட்டது. இரண்டாம் முறையும் இருமல். மூன்றாம் முறையும். மூன்று முறைக்கு மேல் விதி இடம் கொடுக்காது. ஆனால் கொஞ்ச காலமாகவே அவர் நாலாவது, ஐந்தாவது முறையில்தான் தேறிக்கொண்டிருந்தார். அக்கா அதுவரை வேறு பக்கம் பார்ப்பாள். வரிசையில் நின்றவர்களும் பார்ப்பார்கள், வேறு பக்கம்.

"இன்னொரு தடவை ஊதிடுறேன்டி" என்றார் மெல்ல.

பெஞ்சிலிருந்து தம்பி குரல் விட்டான்: "ஊதி ஊதிப் பழகின வாயாச்சே மாமா, இதை ஊத வரலையா?"

வரிசை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "சாவியைக் கொடுங்க."

"ஏய், நான் ஒரு சொட்டுக்கூடத் தொடலையே!"

"அவன் மூச்சுல இருக்கக் கூடாதது இருக்கு. உங்களுக்கு இருக்க வேண்டிய மூச்சே இல்லை. மலைப் பாதையில வண்டி போறப்ப நெஞ்சு அடைச்சா, பின்னாடி இருக்கிற சனம் என்ன செய்யும்? நெஞ்சு டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. அப்புறம் வண்டி."

ஒரே வீட்டின் இரண்டு சம்பளமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. இத்தனை நாள் 'புருஷனுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம்' என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்த கிழட்டு ஓட்டுநரே முன்னால் வந்தார்.

"பாவம், விட்டுடும்மா. நாங்க யாரும் வெளியில சொல்ல மாட்டோம்."

"சொல்ல மாட்டீங்க அண்ணே, தெரியும்" என்றாள் அக்கா. "நீங்களும் சொல்லலை, நானும் சொல்லலை. அதுலதான் அவர் நெஞ்சு இவ்வளவு தூரம் கெட்டுப்போயிருக்கு."

சாவிகள் இரண்டையும் மேலாளர் மேசையில் வைக்க அவளே எடுத்துக்கொண்டு போனாள்.